நம்பியிருத்தல்: உயிலங்குளத்தை முன்வைத்து ஒரு சொல்லாராய்ச்சி

ஆங்கிலத்தில் 'ரிலை ஒன்' என்றொரு சொற்றொடர் உண்டு. ஒருவரையோ ஒன்றையோ நம்பியிருத்தல் என்பது அதன் பொருள். பாடசாலைக் காலத்தில் நம்மவர் பலர் இதில் தடுக்கி விழுவதுண்டு. 'ரிலை' என்ற வினை தனித்து நிற்காது. 'ஒன்' அல்லது 'அப்பொன்' என்ற இடைச்சொல்லின் துணையோடுதான் நிற்கும். அதன் உடன்பிறப்பான 'டிறஸ்ட்' என்பதற்கு அத்துணை தேவையில்லை. நாமோ அதற்கும் ஒரு துணையைச் சேர்த்து, 'டிறஸ்ட் ஒன் மீ' என்று எழுதிவிட்டு ஆசிரியரின் சிவப்பு மையைச் சம்பாதித்துக் கொள்வோம்.

குற்றம் நம்முடையதன்று, தமிழினுடையது. 'என்மேல் நம்பிக்கை வை' என்பது நமது வழக்கு. நம்பிக்கை நமக்கு ஒரு பண்டம். அதைத் தூக்கி ஒருவர் 'மேல்' வைக்கிறோம். ஆகவே ஆங்கிலத்திலும் 'மேல்' தேடுகிறோம். அதே வேளை, நம்பிக்கையைப் பெயராக அல்லாமல் வினையாக ஆளும்போது தமிழ் இரண்டாம் வேற்றுமைக்கு மாறிவிடுகிறது: 'என்னை நம்பு', 'கடலை நம்பி வாழ்கிறான்', 'குளத்தை நம்பி விதைத்தோம்'. இந்தக் கடைசி இரண்டிலும் வரும் 'நம்பி' என்ற வினையெச்சம்தான் ஆங்கிலத்தின் 'ரிலை ஒன்' என்பதற்கு மிக அணித்தானது. வெறுமனே உண்மையென்று கருதுவதன்று அது. தன் பாரத்தை ஒன்றின்மீது இறக்கி வைத்துவிட்டு, அது விலகினால் தான் விழுந்துவிடும் நிலையில் நிற்பது.

இச்சொல்லை ஆராய உயிலங்குளம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். மன்னார்த் தீவிலிருந்து தாம்போதியைக் கடந்து, தள்ளாடியைத் தாண்டி, மதவாச்சி வீதியில் கிழக்கு நோக்கிச் சென்றால் முருங்கனுக்கு முன்னர் வரும் சிற்றூர் அது. அங்கிருந்து அடம்பன் நோக்கி ஒரு பாதை பிரிகிறது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தக் காலத்தில் வடபுலத்தில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடையே மக்கள் கடந்து சென்ற வாயில்களுள் ஓமந்தையும் முகமாலையும் புகழ்பெற்றவை. ஏ-9 வீதியில் இருந்தமையால் அவற்றுக்கு ஊடகப் புகழ் கிட்டியது. மேற்குக் கரையின் வாயில் உயிலங்குளம். அதைப் பற்றி எழுதியவர் குறைவு. நம்பிக்கையின்மையையே தொழிலாகக் கொண்ட ஓர் இடத்தில் நம்பிக்கை எவ்வாறு இயங்கியது என்பதைக் காண அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் சொல்லை முடித்துவிடுவோம்.

'ரிலை' என்பது பழைய பிரெஞ்சு மொழி வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம் இலத்தீன். பொருள், 'மீண்டும் கட்டுதல், பிணைத்தல்'. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ஆட்களை, குறிப்பாகச் சிதறிய படையினரை, ஒன்று திரட்டுதல் என்ற பொருள் இருந்தது. ஒருவரைச் சார்ந்திருத்தல் என்ற இன்றைய பொருள் பதினாறாம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. ஆக, கட்டுதல் என்பதிலிருந்து புறப்பட்டுப் படை திரட்டுதல் வழியாக நம்பியிருத்தலுக்கு வந்து சேர்ந்த சொல் அது. இதே பொருளில் வரும் 'டிப்பென்ட் ஒன்' என்பதன் மூலத்துக்குத் 'தொங்குதல்' என்று பொருள். 'கவுண்ட் ஒன்' என்பது எண்ணிக் கணக்கில் சேர்த்தல். 'பாங்க் ஒன்' என்பது வங்கியில் இட்ட பணத்தைப்போல் நம்புதல். ஒரே பொருளுக்கு ஒருவன் கட்டுகிறான், ஒருவன் தொங்குகிறான், ஒருவன் எண்ணுகிறான், ஒருவன் வங்கிக்குப் போகிறான். ஆங்கிலேயன் வணிகன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை!

தமிழின் வரலாறோ வேறு. தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்ற சொல்லுக்குத் தரும் பொருள் 'நசை', அதாவது விருப்பம். நம்புதல் என்றால் விரும்புதல். பிற்காலத்திலேயே அது இன்றைய பொருளுக்கு நகர்ந்தது. இதை ஒரு புலமைச் செய்தியாக மட்டும் கடந்து செல்ல எனக்கு மனம் வருவதில்லை. விரும்புவதையே நம்பும் இயல்பு நம் சொல்லின் வேரிலேயே இருக்கிறதே என்று எண்ணிக்கொள்வதுண்டு. இன்று நாம் நம்புதல் என்பதைப் பழந்தமிழ் 'தேறுதல்', 'தெளிதல்' என்றது. திருக்குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. ஆராய்ந்த பின்னரே நம்புதல் என்பது அவ்வதிகாரத் தலைப்பின் பொருள். ஐயம் கலங்கல் நீர். ஆராய்ச்சி அதைத் தெளியவைக்கிறது. அமெரிக்க அதிபர் றொனால்ட் றீகன் 1987 டிசம்பரில் சோவியத் தலைவர் கொர்பச்சேவுடன் அணுவாயுத ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டபோது, 'நம்பு, ஆயினும் சரிபார்' என்ற ருஷ்யப் பழமொழியைச் சொல்லி உலகப் புகழ் பெற்றார். வள்ளுவரின் வரிசை அதற்கு நேர்மாறு: முதலில் சரிபார்; பிறகு நம்பு.

மன்னாரில் இச்சொற்களுக்கு இன்னுமொரு திருப்பமுண்டு. பெரும் எண்ணிக்கையிலான கத்தோலிக்கர் வாழும் மாவட்டம் அது. தமிழ்க் கத்தோலிக்க மரபுச் செபங்களில் 'விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்' என்று மூன்று புண்ணியங்கள் வரிசையாக வரும். அவ்வரிசையில் இறைவனை நம்புதல் 'விசுவாசம்' ஆகிறது. 'நம்பிக்கை' என்பது வரப்போவதை எதிர்பார்த்திருத்தலைக் குறிக்கிறது. மடுத் திருத்தலத்துக்கு நடந்துபோகும் ஒரு மூதாட்டி 'நம்பிக்கையோடு இருக்கிறன்' என்று சொன்னால், அதில் யாரையும் சார்ந்திருத்தலைவிட எதிர்பார்ப்பே மிகுதி. சிங்களத்தில் நம்பிக்கைக்கு 'விஷ்வாசய' என்பார்கள். அதுவும் நம் விசுவாசமும் ஒரே வடசொல்லின் இரு உச்சரிப்புகள். சோதனைச் சாவடியின் இருபுறமும் நின்ற சிப்பாய்க்கும் பயணிக்கும் பொதுவாக இருந்த மிகச்சில சொற்களுள் அது ஒன்று. அதைப் பயன்படுத்தும் சந்தர்ப்பம்தான் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

இனி நம்பியிருத்தலின் நடைமுறைக்கு வருவோம்.

உயிலங்குளத்தைச் சூழ்ந்த நிலம் நெல் விளையும் வயல்வெளி. அந்த வயல்களுக்கு உயிர் கொடுப்பது கட்டுக்கரைக்குளம். ஆங்கிலேயர் 'ஜயன்ற்ஸ் ராங்க்' என்று பெயரிட்ட, அளவில் மிகப் பெரிய பழங்காலக் குளம். அண்மைக் காலத்தில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் நடந்த அகழாய்வுகள் அக்குளத்தருகே தொன்மையான மக்கள் குடியிருப்பு இருந்தமையை வெளிப்படுத்தியுள்ளன. குளத்துக்கு நீர் தருவது அருவி ஆறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா. அனுராதபுரத்தின் வழியே ஓடிவரும் அந்த ஆற்று நீரைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்துக் கால்வாய் வழியே குளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அதாவது, மன்னார்த் தமிழ் விவசாயி நம்பியிருப்பது சிங்கள நாட்டின் நடுவே பாய்ந்து வரும் நீரை. ஆற்றுக்குச் சாவடி இல்லை.

காலபோகத்துக்கு மழை பெரும்பாலும் கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் எஞ்சிய நீரே கதி. எத்தனை ஏக்கர் விதைப்பது என்று அதிகாரிகளும் விவசாயிகளும் கூட்டம் கூடித் தீர்மானிப்பார்கள். நீர் குறைந்த ஆண்டுகளில் காணி உள்ளவர் எல்லோரும் ஒரு சிறு பரப்பைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு விதைப்பதும் இலங்கையின் குளத்து ஊர்களில் பழைய வழக்கம். மேட்டு வாய்க்கால்காரன் இரவில் மடை திறக்கமாட்டான் என்று கீழ் வாய்க்கால்காரன் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை வெறும் நல்லெண்ணத்தில் நிற்பதன்று. அடுத்த போகத்திலும் அதே முகங்களைப் பார்க்கவேண்டும் என்பதில் நிற்பது. போர் இந்த ஏற்பாட்டின்மீது கோடு கிழித்தது. குளம் ஒருவர் கட்டுப்பாட்டில், வயல் இன்னொருவர் கட்டுப்பாட்டில், உரம் சாவடிக்கு இப்பால், உழவு இயந்திரத்துக்கான எரிபொருள் தடைப்பட்டியலில்! யூரியாவும் மண்ணெண்ணெயும் மின்கலமும் சீமெந்தும் தொண்ணூறுகளில் புலிகளின் பகுதிக்குக் கட்டுப்பாடின்றிச் செல்ல முடியாத பொருட்கள். அப்பொருளாதாரத் தடைகளின் பெரும்பகுதி 2002 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது.

அக்காலத்தில் வன்னியிலிருந்து வெளியேற விரும்பிய ஒருவருக்குப் புலிகளின் அனுமதிச் சீட்டு வேண்டும். 'பாஸ்' என்பதே மக்கள் வழக்கு. அது கிடைப்பதற்குப் பிணை நிற்க ஒருவர் வேண்டும். போனவர் திரும்பாவிடின் பிணை நின்றவர் பதில் சொல்லவேண்டும். சரி, இப்பால் வந்துவிட்டால்? வவுனியாவில் அரசின் பாஸ் காத்திருந்தது. ஒருநாள் பாஸ், ஒருவார பாஸ், ஒருமாத பாஸ் என்று அதில் வகைகள் இருந்தன. அதற்கும் பிணை கேட்டார்கள். முகாமுக்குள் முடக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கில், 2002ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அது நடமாடும் சுதந்திரத்தை மீறும் செயல் என்று தீர்ப்பளித்தது. இரு தரப்பும் ஒன்றையொன்று அழிக்க முயன்றுகொண்டிருந்தன. ஆனால் நடுவில் நின்ற குடிமகனை நம்பாதிருக்கும் முறையில் மட்டும் இரண்டும் ஒரே பாடப்புத்தகத்தைப் படித்தவைபோல் நடந்துகொண்டன.

இந்தப் 'பிணை' என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்கவேண்டும். பிணைத்தல் என்றால் கட்டுதல். அதிலிருந்தே உத்தரவாதம் என்ற பொருளில் பிணை வந்தது, பிணையாளி வந்தார், பிணைக்கைதியும் வந்தார். ஆங்கிலத்தின் 'ரிலை' கட்டுதலில் பிறந்தது என்று மேலே கண்டோம். இரு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன: நம்பியிருக்க வேண்டுமாயின் ஏதோ ஒன்று கட்டப்பட்டிருக்க வேண்டும். பண்டைய அரசர்கள் உடன்படிக்கை செய்தபோது தம் மைந்தரை எதிரியின் அரண்மனைக்கு அனுப்பிய வழக்கம் உலகெங்கும் இருந்தது. பாஸ் முறையில் அந்த அரசகுமாரனின் இடத்தில் நின்றவர்கள் வயோதிபத் தாய்மார்களும் அயல்வீட்டுக்காரர்களும். பிணையாளிக்கும் பிணைக்கைதிக்கும் இடையே மொழியில் இருக்கும் மெல்லிய கோடு வாழ்க்கையில் சில வேளைகளில் இருப்பதில்லை.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்கு இதன் மறுபக்கம் நன்கு தெரியும். உண்டியல் முறையைச் சொல்கிறேன். ரொறொன்ரோவிலோ பரிசிலோ ஒரு கடையில் பணத்தைக் கொடுப்பீர்கள், பற்றுச்சீட்டும் இராது. சில நாட்களில் ஊரில் ஒருவர் சைக்கிளில் வந்து உங்கள் அம்மாவின் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். 'பாங்க் ஒன்' என்று ஆங்கிலேயன் வங்கியை நம்பிக்கைக்கு உவமையாக்கினான். நாமோ வங்கி எட்டாத இடத்தில் வெறும் வாய்ச்சொல்லை வங்கியாக்கினோம். காசைத் தின்றுவிட்டு அந்தக் கடைக்காரர் கோயிலிலும் கலியாண வீட்டிலும் முகம் காட்ட முடியாது என்பதே அங்கு இருந்த பிணை.

ஆனால் அந்தச் சமூகப் பிணைப்பும் எல்லோரையும் காப்பாற்றவில்லை. மன்னாரைப் பற்றி எழுதும் எவரும் 1990 ஒக்டோபரைத் தாண்டிச் செல்லலாகாது. வட மாகாணத்தில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டம் மன்னார். எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவு, முசலி, சிலாவத்துறை என்று தலைமுறைகளாகத் தமிழ் பேசி வாழ்ந்த அம்மக்களை, அம்மாத இறுதியில் சில நாட்களுக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். வடக்கு முழுவதிலும் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு துரத்தப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். அவர்கள் யாரை நம்பியிருந்தார்கள்? அயலவரான தமிழரை. அந்த அயலவர்களுள் பலர் அழுதார்கள் என்பது உண்மை. தடுக்க இயலவில்லை என்பதும் உண்மை. தமிழ் எழுத்தாளர் சிலர் இதை எழுதும்போது 'துன்பியல் நிகழ்வு' என்று ஒரு சொல்லில் கடந்துவிடுவதை நான் ஏற்பதில்லை. செயப்பாட்டு வினையில் எழுதினால் செய்தவன் மறைந்துவிடுவான். இலக்கணம் அதற்காக ஏற்பட்டதன்று.

தன் அரசையும் நம்ப இயலாது, தனக்காகப் போராடுவதாகச் சொல்பவர்களையும் முற்றிலும் நம்ப இயலாது என்ற நிலை வரும்போது, மனிதர் மூன்றாமவரை நாடுவர். மன்னார்க் கரையில் அந்த மூன்றாமவர் பலர். 1990இல் ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. இந்தியாவுக்குத் தப்பியோடப் புறப்பட்டவர்களும் இந்தியாவிலிருந்து திரும்பியவர்களும் அங்கு தங்கினர். செஞ்சிலுவைச் சங்கம் வந்தது. எல்லாவற்றுக்கும் முன்பும் பின்பும் திருச்சபை இருந்தது. மடுக்கோயிலுக்குள் துப்பாக்கி வராது என்பது எழுதப்படாத ஒப்பந்தம். அதை நம்பிப் பல்லாயிரம் பேர் அவ்வளாகத்தில் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். 1999 நவம்பர் 20ஆம் திகதி அங்கே எறிகணை விழுந்து, தஞ்சமடைந்திருந்தோரில் நாற்பது பேரளவில் உயிரிழந்தனர். 2006 ஜூன் 17ஆம் திகதி பேசாலைத் தேவாலயத்தினுள் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது தாக்குதல் நடந்தது. கோயிலை நம்பிப் போனவர்கள் கோயிலிலேயே அடிபட்டார்கள். ஆயினும் அடுத்த முறை அபாயம் வந்தபோதும் மணியோசை கேட்ட திசைக்கே ஓடினார்கள். வேறு எங்கே ஓடுவது? நம்பியிருத்தல் எப்போதும் தெரிவின் விளைவன்று. மாற்று வழி இல்லாமையின் விளைவாகவும் அது இருக்கும். ஆங்கிலத்தின் 'ரிலை ஒன்' இந்த இரண்டையும் வேறுபடுத்துவதில்லை. தமிழில் 'நம்புகிறேன்' என்பதற்கும் 'நம்பித்தான் இருக்கிறேன்' என்பதற்கும் இடையே அந்த வேறுபாடு கேட்கிறது. அந்தத் 'தான்' மிகவும் களைத்த ஒரு சொல்.

அரசியல் தளத்தில் இக்கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், வாசகர் அறியாததன்று. 1957 ஜூலையின் பண்டா–செல்வா ஒப்பந்தம் மறு ஆண்டு ஏப்ரலில் கைவிடப்பட்டது. 1965 மார்ச்சின் டட்லி–செல்வா ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. 1987 ஜூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானபின், ஓகஸ்ட் 4ஆம் திகதி சுதுமலையில் பேசிய பிரபாகரன், ஆயுதங்களை ஒப்படைப்பது தமிழ் மக்களின் பாதுகாப்புப் பொறுப்பை இந்தியாவிடம் ஒப்படைப்பதாகும் என்ற கருத்துப்பட உரைத்தார். ஒக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. இரண்டு மாதங்கள். ஒரு நெற்போகத்தின் ஆயுள்கூட அந்த நம்பிக்கைக்கு இல்லை.

எனவே 2002 பெப்ரவரி 22ஆம் திகதி அறிவிக்கப்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கை யாரும் யாரையும் நம்பவேண்டியதில்லை என்ற அடிப்படையில் வரையப்பட்டது. என் கணிப்பில் அதன் பலம் அதுவே. ரணில் விக்கிரமசிங்கவும் பிரபாகரனும் ஒரே மேசையில் அமர்ந்து ஒப்பமிடவில்லை. நோர்வே தாளைக் கொண்டுசென்றது. நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டவர் கொண்ட கண்காணிப்புக் குழு மேற்பார்வை செய்தது. மன்னாரிலும் அதற்கு அலுவலகம் இருந்தது. உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்பில் 'நம்பிக்கையைக் கட்டியெழுப்பும் நடவடிக்கைகள்' என்ற தொடர் வருகிறது. இத்தொடர் 1975இன் ஹெல்சிங்கி இறுதி ஆவணத்தில் இடம்பெற்று, பனிப்போர்க் கால ஐரோப்பாவிலிருந்து உலகெங்கும் பரவியது. நம்பிக்கையை மதில்போல் கட்டலாம் என்பது இராசதந்திரிகளின் கருத்து. நோர்வே மொழியில் நம்பியிருத்தலுக்கு 'ஸ்டூலெ போ' என்பார்கள். அங்கும் 'மேல்' என்ற இடைச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாற்காலிக்கு அவர்கள் சொல்லும் பெயரும் 'ஸ்டூல்' என்றே ஒலிக்கும். ஒருவரை நம்புவது நாற்காலியில் சாய்வதுபோல் என்று கற்பனை செய்துகொள்ள இது இடந்தருகிறது. கண்காணிப்பாளர்கள் சாவடிக்கு அருகே பிளாஸ்ரிக் நாற்காலியில் அமர்ந்திருந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்த ஆண்டுகளில் உயிலங்குளம் எப்படி இயங்கியது? வாகனத்திலிருந்து இறங்கவேண்டும். பொதிகளை அவிழ்க்கவேண்டும். அடையாள அட்டை காட்டவேண்டும். பின்னர் இருதரப்புக்கும் இடையிலான சூனியப் பிரதேசம். அதைக் கடந்தால் மறுபடி பதிவு, மறுபடி பொதி அவிழ்ப்பு. வணிகப் பொருளாயின் புலிகளுக்கு வரி. சலிப்பூட்டும் காரியம். ஆனால் அந்தச் சலிப்பே சாதனை. நேற்று வரை சுட்டுக்கொண்டவர்களின் நடுவே ஒரு பெண் மீன் கூடையோடும் ஒரு மாணவன் புத்தகப் பையோடும் போய்வர முடிந்தது. யாரும் யாருடைய நல்லெண்ணத்தையும் நம்பவில்லை, நேரஅட்டவணையை நம்பினார்கள். காலையில் திறக்கும், மாலையில் மூடும் என்பதை நம்பினார்கள். இந்த அளவு நம்பிக்கை போதுமானது, அதற்குமேல் சமாதானத்துக்குத் தேவையில்லை என்று வாதிடுவோர் உண்டு. ஓரளவு உண்மை. தேவையான அடுத்த படி, அந்த அட்டவணையை மாற்றும் அதிகாரம் ஒரு தரப்பிடமும் தனித்து இராதிருத்தல். அது நிகழவில்லை. எந்தத் தரப்பும் பதினான்கு நாள் முன்னறிவித்தலோடு உடன்படிக்கையிலிருந்து விலகலாம் என்று உடன்படிக்கையே சொன்னது.

இடைப்பட்ட காலத்தில் மீறல்கள் குவிந்தன. கண்காணிப்புக் குழு தீர்ப்பளித்த மீறல்களுள் மிகப் பெரும்பான்மை புலிகளினுடையவை. சிறுவரைப் படையில் சேர்த்தது அவற்றுள் முதன்மையானது. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஒன்றிய நாட்டவர் கண்காணிப்புக் குழுவில் இருக்கலாகாது எனப் புலிகள் கோர, சுவீடன், பின்லாந்து, டென்மார்க் விலகின. நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் எஞ்சின. மூன்றாமவரைத் தாமே மெலியவைத்த அத்தீர்மானத்தின் விலையைப் பின்னர் கொடுத்தது வன்னி மக்கள். 2006 ஓகஸ்டில் முகமாலை மூடப்பட்டது. 2008 ஜனவரி 2ஆம் திகதி அரசு விலகலை அறிவித்தது. 16ஆம் திகதி உடன்படிக்கை இறந்தது. விதிப்படி, பதினான்கு நாட்கள்! வன்னி மக்களுக்குக் கிடைத்த கடைசி வாக்குத் தவறாமை அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

அதற்கு முன்பே மன்னார்க் களம் திறந்துவிட்டது. 2008 மே 9இல் அடம்பன், ஜூலை 16இல் விடத்தல்தீவு என்று இராணுவம் வடக்கு நோக்கி நகர்ந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் மடு மாதாவின் திருச்சுரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஓகஸ்டில்தான் மடுவுக்குத் திரும்பியது. மாதாவை நம்பியிருந்த மக்கள் மாதாவையும் தூக்கிக்கொண்டு நடந்த காட்சி உலக அகதி வரலாற்றில் அரிது. மக்கள் மேலும் கிழக்கே தள்ளப்பட்டு, இறுதியில் முல்லைத்தீவுக் கடற்கரையின் ஒரு துண்டு நிலத்தில் அடைபட்டனர்.

2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலில் நடந்தது, பிணை என்ற சொல்லின் கடைசி அத்தியாயம். சரணடைய விரும்பிய புலி உறுப்பினர்களோடும் அவர்தம் குடும்பங்களோடும் யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் துணை சென்றார். ஆங்கிலம் தெரிந்த பாதிரியார் முன்னே போனால் உயிருக்குப் பாதகம் வராது என்று குடும்பத்தார் நம்பினார்கள். பெயர்கள் பதியப்பட்டன, பேருந்துகளில் ஏற்றினார்கள் என்று கண்ணாற் கண்ட மனைவியரும் தாயரும் சாட்சியம் அளித்துள்ளனர். அவர்கள் திரும்பவில்லை. பிணையாகச் சென்ற பாதிரியாரும் திரும்பவில்லை. 'நம்பித்தானே ஒப்படைச்சனாங்கள்' என்ற வாக்கியத்தை அந்தத் தாய்மாரிடம் கேட்காத வடபகுதிப் பத்திரிகையாளர் இரார். இரண்டு வினைகள் கொண்ட வாக்கியம் அது. 'நம்பி' முடிந்துபோன எச்சம், 'ஒப்படைச்சனாங்கள்' முற்று.

'கவுண்ட் ஒன்' என்பது எண்ணுதலில் பிறந்தது என்று முன்னர் சொன்னேன். அதற்கு வருகிறேன். 1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராக இருந்தவர் இராயப்பு ஜோசப் ஆண்டகை. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் சாட்சியமளித்தார். குற்றச்சாட்டை விட்டுவிட்டுக் கணக்கைக் காட்டினார். கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் பதிவுப்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியின் சனத்தொகை 4,29,059. 2009 ஜூலை 10ஆம் திகதி வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. கழித்தால் 1,46,679. இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்றார். எண்கள் அவருடையவை அல்ல. அவற்றுள் முதலாவது அரசின் சொந்த அலுவலர்கள் எழுதிவைத்தது. அரசை நம்பாத ஒருவர், அரசின் ஏட்டை நம்பிக் கேட்ட கேள்வி அது. வள்ளுவரின் பொருளில் தெளிதல் என்றால் அதுதான்.

அந்தக் கணக்கில் பிழை இருக்கலாம் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். நிவாரணத்துக்காகச் சனத்தொகையைக் கூட்டி எழுதியிருப்பார்கள் என்பது அவர்களுடைய வாதம். இருக்கட்டும். அப்படியாயின் சரியான கணக்கைக் காட்டுவதே மறுமொழி. ஆயர் 2021 ஏப்ரல் 1ஆம் திகதி காலமானார். உயிலங்குளத்தின் வழியே இன்று செல்பவரை யாரும் இறக்கிப் பொதி அவிழ்க்கச் சொல்வதில்லை. 1990இல் நின்றுபோன தலைமன்னார்ப் பாதையில் 2015 மார்ச்சில் மீண்டும் ரயில் ஓடியது. 1,46,679 என்ற எண்ணுக்குப் பெயர்பெயராக ஒரு பதில், அவர் கண்மூடும்வரை அவருக்கு வரவில்லை.